வாடகை 15,000 சரி, கரண்ட் பில் எவ்வளவு?

சென்னையில் வீடு பார்க்கப் போனால் வாடகை, அட்வான்ஸ், தண்ணீர், வண்டி நிறுத்த இடம் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்போம். கரண்ட் பில் பற்றிக் கேட்டால் மட்டும் புரோக்கரிடமிருந்து வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "அது நீங்க யூஸ் பண்றதைப் பொறுத்தது சார்." பாதி உண்மை. மீதிப் பாதி அந்த வீட்டின் கூரையையும் சுவரையும் மீட்டரையும் பொறுத்தது. அந்தப் பாதியைக் குடிபோவதற்கு முன்பே கணக்குப் போட்டுவிடலாம்.

2025 தொடக்கத்தில் நானும் மனைவியும் மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் வீடு தேடினோம். கூடவே ஒரு பள்ளிக்கூடப் பையன், அம்மா. கடைசியில் மூன்று வீடுகள் மிஞ்சின. ஒன்று, மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்குப் பார்த்த படுக்கையறையோடு, வாடகை 15,000. இன்னொன்று, மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி, அதாவது நடு மாடி, 16,500. மூன்றாவது ஒரு தனி வீட்டின் மாடிப் போர்ஷன், 13,500. ஆனால் தனி ஈபி கார்டு, அதாவது தனி மின் இணைப்பு, கிடையாது; வீட்டுக்காரரின் இணைப்பிலிருந்தே கரண்ட், அதை அளக்க ஒரு சப் மீட்டர், யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய். வாடகையை மட்டும் பார்த்தால் மூன்றாவதுதான் லாபம். கரண்ட்டையும் சேர்த்தால் எப்படி என்று பார்க்க உட்கார்ந்தேன்.

முதலில் நம் ஊர்க் கட்டணம் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். நாங்கள் வீடு தேடிய 2025-ல் இருந்த முறை இது: வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் ஏற்றிய கட்டணப்படி அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால்தான் இந்தக் கணக்கு. 500-ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய்விடும்; 101-வது யூனிட்டிலிருந்தே 4.70 ஆகிவிடும். 501 முதல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55. 2025 ஜூலையில் மற்றவர்களுக்குக் கட்டணம் ஏறியபோது வீடுகளுக்கு ஏற்றவில்லை. வீட்டுக்காரர் சொல்லும் பழைய பில் எந்த ஆண்டுடையது என்று கேட்பது இதற்காகத்தான். 2024 ஜூலைக்கு முந்தைய பில்லைக் காட்டினால் யூனிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ரூபாயை விட்டுவிடுங்கள்.

500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 யூனிட் என்றால் 2,048. ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்! "யூனிட் சராசரியா அஞ்சு ரூபா வரும்" என்று பொத்தாம்பொதுவாகக் கணக்குப் போடுகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நமக்குத் தெரிய வேண்டியது சராசரி இல்லை. நாம் 500-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான். ஏசி உள்ள வீடுகள் கோடையில் பெரும்பாலும் இந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்கின்றன.

ஏசி இல்லாமல் எங்கள் வீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்பதை முதலில் எழுதினேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். மூன்று ஃபேன், ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் தினமும் இரண்டேகால் யூனிட். இரண்டு மாதத்தில் 135. ஃபேன் ஒன்றும் இழுக்காது என்று எல்லோரும் நினைக்கிறோம், ஆனால் எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜைவிட ஃபேன்கள்தான் அதிகம் சாப்பிட்டன. ஃபிரிட்ஜுக்குத் தினம் ஒரு யூனிட் என்று 60. டிவி, லைட், வைஃபை, லேப்டாப் எல்லாம் சேர்ந்து 36. வாஷிங் மெஷின், மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் 24. ஆக மொத்தம் 255. கோடையில் கீசர் போடுவதில்லை, டேங்க் தண்ணீரே கொதிக்கிறது. இந்த 255 எந்த வீட்டுக்குப் போனாலும் நம்மோடு வரும். அதற்கு மேல் வருவது வீட்டைப் பொறுத்தது.

அடுத்து ஏசி. எங்களுடையது ஒன்றரை டன், மூன்று ஸ்டார், தேவைக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் வகை. ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும். அது 1,600 மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு. அந்த எண்ணை 1,600-ஆல் வகுத்தால் மணிக்கு எவ்வளவு என்று ஒரு தோராயம் கிடைக்கும். லேபிளில் 960 என்று போட்டிருந்தால் மணிக்கு 0.6 யூனிட். ஆனால் நான் நம்புவது மீட்டரை. முந்தைய கோடையில் படுக்கப் போகும்போதும் காலையில் எழுந்ததும் மீட்டரைப் பார்த்து எழுதி வைத்திருந்தேன். 26 டிகிரியில் வைத்து, ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் எங்கள் பழைய வீட்டில் மணிக்கு அரை யூனிட்தான் ஆனது. அது நடு மாடி, பக்கத்துக் கட்டடத்தின் நிழலில் நின்ற வீடு. ஒரு டிகிரி கூட்டினால் ஆறு சதவீதம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகம் (BEE) சொல்கிறது. 2020-லிருந்து விற்கும் ஏசிகள் ஆன் செய்தால் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்ற விதியும் அவர்களுடைய ஆலோசனையோடு மத்திய அரசு கொண்டுவந்ததுதான்.

இரண்டாவது மாடி வீட்டுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொண்டேன். இரவு எட்டு மணி நேரம், நாளுக்கு நான்கு யூனிட், அறுபது நாளுக்கு 240. அடிப்படை 255-ஐச் சேர்த்தால் 495. மயிரிழையில் 500-க்குள். பில் 1,774 ரூபாய்.

மொட்டை மாடி வீட்டுக்கு இதே கணக்கைப் போட முடியாது. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் கீழே விடும். சென்னையில் மே மாதத்தில் விடியற்காலையில்கூட 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு, அதனால் அந்தச் சூடு வெளியே போகவும் வழியில்லை. கடற்காற்று அடையாறு, பெசன்ட் நகரில் மத்தியானமே வந்துவிடும். மேற்கே போகப் போகத் தாமதமாகும், சில நாள் வந்தே சேராது. அந்தக் காலத்து வீடுகளில் தளத்துக்கு மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் தட்டுவார்கள், சூடு கொஞ்சம் தாங்கும். இப்போது பல கட்டடங்களில் தளத்தின் மேல் வெறும் சிமென்ட் பூச்சு அல்லது சிவப்பு டைல்ஸோடு முடித்துவிடுகிறார்கள். வெள்ளை கூல் டைல்ஸோ, வெள்ளை ரூஃப் பெயின்ட்டோ அடித்திருந்தால் தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். எனவே வீடு பார்க்கப் போகிறவர்கள் மாடிக்கு ஏறித் தளத்தைப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

அதைவிட முக்கியம் எந்த நேரத்தில் போகிறோம் என்பது. புரோக்கர்கள் காலை பத்து மணிக்குத்தான் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் எல்லா வீடும் ஜில்லென்றுதான் இருக்கும். நாங்கள் இந்த வீட்டை மறுபடி ஒரு சாயங்காலம் ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தோம். பிப்ரவரி மாதம்தான். மேற்குச் சுவரில் கை வைத்தால் வெதுவெதுப்பு இன்னும் இறங்கவில்லை. பிப்ரவரியிலேயே இப்படி என்றால் அக்னி நட்சத்திரத்தில் என்ன ஆகும் என்று அம்மா கேட்டார். வீடு காட்டியவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். ஜன்னலில் கொசுவலை இல்லை. இதுவும் கரண்ட் பில் சமாசாரம்தான். வலை இல்லாவிட்டால் ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்தியாக வேண்டும். சாத்தினால் எட்டு மணிக்கே ஏசி தேவைப்படும்.

எவ்வளவு கூடும் என்பதற்கு ஊகம் வேண்டாம், அதே மாடியில் எதிர் வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் போதும். ஆனால் "பில் எவ்வளவு வருது?" என்று கேட்டால் சரியான பதில் வராது, போன மாதம் கட்டியதைத்தான் சொல்வார்கள், அது மழைக்கால பில்லாக இருக்கும். நான் அந்த வீட்டு அக்காவிடம் கேட்டது இப்படி: "மே, ஜூன்ல ரீடிங் எடுத்த பில் எவ்வளவுக்கா வந்துச்சு? எத்தனை ஏசி? பகல்ல யாராவது வீட்ல இருப்பீங்களா?" அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஒரே ஏசிதாங்க. அஞ்சாயிரத்தைத் தொட்டுடுச்சு. ராத்திரி பத்து மணி நேரம் ஓடும். மத்தியானம் பிள்ளைங்க வந்தா ரெண்டு மணி நேரம்."

ரூபாயை வைத்துப் பின்னோக்கிப் போனால் யூனிட் கிடைக்கும். 800 யூனிட்டுக்கு 4,770 ரூபாய். 5,000 ரூபாய் என்றால் சுமார் 822 யூனிட். என் கணக்கும் ஏறக்குறைய அதையே சொன்னது: பன்னிரண்டு மணி நேரம், சூடான அறை என்பதால் மணிக்கு 0.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 576. அடிப்படையோடு 831. பில் 5,096. நடு மாடி வீட்டைவிட ஒரே பில்லில் 3,300 ரூபாய் கூடுதல்.

சப் மீட்டர் வீட்டுக்கு வருகிறேன். கோடையில் 500 யூனிட், ஒன்பது ரூபாய் வீதம் 4,500. மற்ற மாதங்களில் 300 யூனிட் என்றால் 2,700. தனி இணைப்பு இருந்தால் இதே 300-க்கு 705 ரூபாய்தான். இலவச 100 யூனிட் வீட்டுக்காரரின் கணக்கில் போய்விடும், நமக்குக் கிடைக்காது. வீட்டுக்காரர் கொள்ளையடிக்கிறார் என்றும் சொல்ல முடியாது. ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் 400, 400 ஓட்டினால் 800-க்கு 4,770 கட்ட வேண்டும். தனித்தனி மீட்டராக இருந்தால் ஆளுக்கு 1,175, இரண்டும் சேர்த்து 2,350-தான். இணைப்பு ஒன்றே என்பதால் எல்லோரும் மேல் ஸ்லாபுக்கு, அதாவது அதிகக் கட்டணப் படிக்கு, போய்விடுகிறார்கள். ஆனாலும் 4,770-ஐ 800-ஆல் வகுத்தால் ஆறு ரூபாய்கூட வரவில்லை. எனவே ஒன்பது என்று சொன்னால் பேரம் பேச இடம் இருக்கிறது. "ஈபி பில்லைக் காட்டுங்க, யூனிட் விகிதப்படி பிரிச்சுக்கலாம்" என்று கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் சரிப்படாதுங்க" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே முடித்துவிட்டார்.

இப்போது ஆண்டுக் கணக்கு. ஆறு பில்லில் மூன்று கோடைப் பில், மூன்று சாதாரணப் பில் என்று வைத்துக்கொண்டேன். சென்னைக்கு இது கொஞ்சம் தாராளமான கணக்குத்தான். செப்டம்பர் வரை புழுக்கம் விடாத ஆண்டுகள் இருக்கின்றன. நடு மாடி வீட்டுக்குச் சாதாரணப் பில் 300 யூனிட் என்று போட்டால் ஆண்டுக்கு 7,400 ரூபாய் சொச்சம், மாதத்துக்கு 620. மொட்டை மாடி வீட்டுக்குச் சாதாரண மாதங்களில் 350 யூனிட் என்று போட்டால் ஆண்டுக்கு 18,100, மாதத்துக்கு 1,510. சப் மீட்டர் வீட்டுக்கு 21,600, மாதத்துக்கு 1,800.

வாடகையோடு சேர்த்தால் சப் மீட்டர் வீடு 15,300, மொட்டை மாடி 16,510, நடு மாடி 17,120. வரிசை மாறவில்லை. மொட்டை மாடி வேண்டவே வேண்டாம், கரண்ட் பில்லே வாடகையைத் தின்றுவிடும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பணத்தை மட்டும் பார்த்தால் அந்த வீடு இன்னும் மலிவுதான். மாறியது இடைவெளி. பில்லைப் பிரிக்க ஒத்துவராத சப் மீட்டர் வீட்டை விட்டுவிட்டுப் பார்த்தால், மொட்டை மாடிக்கும் நடு மாடிக்கும் 1,500 ரூபாயாக இருந்த வித்தியாசம் 610 ஆகிவிட்டது. மாதம் 610 ரூபாய்க்கு, அம்மா மத்தியானத்தில் ஏசி இல்லாமல் படுக்க முடிகிற வீடு கிடைக்கிறதா என்பதுதான் எங்கள் முன்னால் இருந்த கேள்வி. கிடைக்கிறது என்றால் 610 பெரிய தொகை இல்லை. பகல் முழுக்க ஆபீஸில் இருந்துவிட்டு இரவு மட்டும் வந்து படுக்கிற இரண்டு பேருக்கு இதே கணக்கு வேறு முடிவைக் கொடுக்கலாம், அதில் தப்பில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் மட்டும் பகல் ஏசியைக் கணக்கில் சேர்க்காமல் எந்த வீட்டுக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

பழைய பில்கள் கையில் கிடைத்தால் எத்தனை நாளுக்கான பில் என்று தேதியைப் பாருங்கள். வீடு பூட்டியிருந்து ரீடிங் எடுக்காமல் போட்ட பில்லாகவும் இருக்கலாம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வீட்டுக்காரரே ஏசி மாட்டிக் கொடுக்கிறேன் என்றால் சந்தோஷப்படுவதற்கு முன் அது இன்வெர்ட்டரா, எந்த ஆண்டு லேபிள் என்று பார்க்க வேண்டும். பழைய விண்டோ ஏசி ஒன்றரை டன்னுக்கு ஒன்றரை கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும்.

பராமரிப்புக் கட்டணத்துக்குள் பொது மின்சாரம் அடங்குமா என்பதும் கேட்க வேண்டியது. மாடிப்படி விளக்கு, மோட்டார், லிஃப்ட் எல்லாம் தனி இணைப்பில் ஓடும். 2022-ல் அதற்கு யூனிட் எட்டு ரூபாய் ஆக்கினார்கள். அடுத்த ஆண்டு பத்து வீட்டுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும் 5.50 என்று குறைத்தார்கள். லிஃப்ட் உள்ள அடுக்ககம் என்றால் அந்தச் சலுகை கிடையாது.

நாங்கள் இரண்டாவது மாடிக்கே போனோம். சாவி வாங்கிய அன்று முதல் வேலையாக மீட்டர் ரீடிங்கைத் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். அப்புறம் வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுக் கீழே போய் மீட்டரைப் பார்த்தேன். மின்னணு மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று எழுதியிருக்கும். எங்களுடையதில் 3,200. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் அது மெதுவாக மின்னிக்கொண்டிருந்தது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்ததில் எங்கள் தளத்து மாடிப்படி விளக்கு எங்கள் லைனில் இருந்தது. வீட்டுக்காரருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. பொது லைனுக்கு மாற்றிக் கொடுத்தார்.

ஏசியைச் சோதிக்கவும் அந்த விளக்கு உதவும். ஏசியை மட்டும் ஓடவிட்டு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி, அதை அறுபதால் பெருக்கி, 3,200-ஆல் வகுத்தால் அந்த நேரத்தில் எத்தனை கிலோவாட் இழுக்கிறது என்று வந்துவிடும். வீடு பார்க்கப் போகும்போதே கரண்ட் இருந்தால் இதைச் செய்துவிடலாம், ஐந்து நிமிடம்கூட ஆகாது.

பில் குறுஞ்செய்தி வீட்டுக்காரரின் செல்போனுக்குத்தான் போகும். சர்வீஸ் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, நம் செல் நம்பரைப் பதிவு செய்ய அவரிடம் சம்மதம் கேட்பது நல்லது. சில சமயம் பில்லோடு கூடுதல் காப்புத்தொகை என்றும் ஒன்று வரும். அது திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை, இணைப்பின் பெயரில் நிற்பது. யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிக்கொண்டோம்.

முதல் கோடை பில் 540 யூனிட், 2,376 ரூபாய். நான் போட்ட 495-ஐவிட 45 யூனிட் கூட. மே மாதம் பையனுக்கு லீவு, ஊரிலிருந்து உறவினர்களும் வந்திருந்தார்கள். இரண்டு வாரம் ஹாலில் ஃபேன் நிற்கவே இல்லை, மத்தியானத்திலும் ஏசி ஓடியது. அந்த 45 யூனிட்டுக்குக் கூடுதலாகக் கட்டியது 600 ரூபாய். ஹாலிலும் படுக்கையறையிலும் இருந்த பழைய ஃபேன்களைக் கழற்றிவிட்டு 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டினோம். பத்து மணி நேரக் கணக்கில் இரண்டுக்கும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 54 யூனிட் குறையும். வாடகை வீட்டுக்கு எதற்கு இந்தச் செலவு என்று அம்மா கேட்டார். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம், பழைய ஃபேன்கள் பரணில்தான் இருக்கின்றன.